காப்பார் சேற்றுக்குள் ஒரு மலை

காப்பாரில் கல் கிடையாது. தோட்டத்துக் கால்வாயைத் தூர்வாரும்போதும் சரி, புதிய தாமானுக்கு அடித்தளம் போடும்போதும் சரி, மண்வெட்டி ‘ணங்’கென்று எதிலும் முட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை. கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் போகும் ஐந்தாம் எண் சாலையின் இரு பக்கமும் செம்பனை, கடைவீடுகள், தொழிற்சாலைகள். எல்லாவற்றுக்கும் அடியில் நீலமும் சாம்பலும் கலந்த ஒரே களி. மாங்காய் அடிக்கப் பையன்களுக்குக் கல் வேண்டுமென்றால், சாலை போட வந்த லோரி சிந்திவிட்டுப் போனதைத்தான் பொறுக்கவேண்டும். கோயில் கருவறைச் சிலை, சமையற்கட்டு அம்மி, வாசற்படிப் பளிங்கு, ரோட்டோரச் சல்லி என்று ஊரில் உள்ள கல்லெல்லாம் வெளியூர்க் கல்.

கல்லின் நயத்தைப் பேச இதைவிடத் தோதான ஊர் இல்லை என்பது என் கட்சி. மலையடிவாரத்தில் குடியிருப்பவருக்குக் கல் கண்ணில் படாது. எங்கும் கிடப்பதை யார் நின்று பார்க்கிறார்கள்? காப்பாரிலோ ஒவ்வொரு கல்லையும் ‘எந்த ஊர்?’ என்று கேட்கத் தோன்றும். கேட்டால் அது சொல்லவும் செய்யும்.

பள்ளிப் புத்தகத்தில் பாறைச் சுழற்சி என்று ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என மூன்று பெட்டிகள், நடுவே அம்புக்குறிகள். வட்டத்தை மனப்பாடம் செய்தால் சோதனையில் புள்ளி நிச்சயம். அதில் எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றுதான்: அந்தப் படத்தில் கல்லின் முகம் இல்லை. தான் பட்ட பாட்டை ஒரு கல் தன் மேனியில் எப்படி எழுதிவைத்திருக்கிறது என்பதில்தான் சுவையே இருக்கிறது. அம்புக்குறிகள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

ரோட்டோரச் சல்லியிலிருந்தே தொடங்கலாம். ஒரு துண்டை எடுத்துக் குழாயடியில் கழுவி, ஈரம் காயுமுன் பார்க்கவேண்டும். காய்ந்த கல் வாய் திறக்காது. தூசி போனதும் மூன்று நிறங்கள் எழுந்து வரும். பால்வெள்ளையில் கட்டம் கட்டமாக இருப்பது ஃபெல்ட்ஸ்பார். புகைபிடித்த கண்ணாடியாகத் தெரிவது குவார்ட்ஸ். வெள்ளையாகத் தனியே கிடைத்தால் ஊர்ப்பக்கம் வெங்கச்சங்கல் என்பார்களே, அதே சாதி. வெயிலில் சாய்த்தால் பளிச்சிடும் கருப்புச் செதில்கள் பயோடைட், அதாவது காக்காப்பொன்னில் கருப்பு வகை. இது தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன், இன்றைய தீபகற்பத்தின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் வெவ்வேறு நிலத்துண்டுகளாக இருந்து, இடையில் கிடந்த கடலை நெருக்கி மூடி, ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டன. அந்த நெருக்கத்தில் அடிநிலம் உருகியது. உருகிய குழம்பு மேலே வரும் வழியில், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கி உறைந்தது. எரிமலையாக வெடித்து வெளியே வந்திருந்தால் சீக்கிரம் ஆறியிருக்கும். உள்ளேயே அடங்கிக் கிடந்ததால் ஆறுவதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. அந்த அவகாசம்தான் படிகங்களைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்த்தது.

சல்லித் துண்டில் இதைப் பாதிதான் பார்க்க முடியும். முழுதாகப் பார்க்க ரவாங் பக்கம் கஞ்சிங் அருவிக்குப் போகவேண்டும். ஏழு அடுக்காக விழும் அந்த அருவியில் ஞாயிற்றுக்கிழமை குளிக்க வருகிற கூட்டத்தில் பாதி நம்மவர்கள். தண்ணீரைப் பார்ப்பார்கள், குரங்கைப் பார்ப்பார்கள், உட்கார்ந்திருக்கும் பாறையைப் பார்ப்பவர் குறைவு. தண்ணீர் தேய்த்து வழவழப்பாக்கிய இந்த மலைத்தொடரின் கருங்கல்லில் விரல் நீளத்துக்குக்கூட வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் இருக்கும். அவற்றின் ஓரங்களைக் கவனிக்கவேண்டும். நேர்கோடு, மூலைகள் கூராக, அளவெடுத்து வெட்டியதாக இருக்கும். குழம்பு இன்னும் இளகியிருந்தபோதே வளர்ந்ததால், தன் இயல்பான வடிவத்தை அடைய அதற்கு இடம் இருந்தது. குவார்ட்ஸுக்கு அப்படி இல்லை. அது கடைசி வரிசையில் உறைவது. அதற்குள் மற்றவை இடம் பிடித்துவிட்டன. மிச்சமிருந்த சந்துபொந்துகளின் வடிவமே குவார்ட்ஸின் வடிவம். யார் முதலில் வந்தார், யார் பிந்தினார் என்பதைப் படிகங்களின் ஓரங்களை வைத்தே சொல்லிவிடலாம். எந்தக் கல்வெட்டும் இவ்வளவு நேர்மையாக வரிசை சொல்லாது.

எல்லாம் உறைந்த பிறகும் கொதிநீர் மிச்சமிருந்தது. கருங்கல் ஏற்க மறுத்த பொருள்களை எல்லாம் கரைத்துக்கொண்டு அந்த நீர் வெடிப்புகள் வழியே ஏறியது. தலைநகரின் வடகிழக்கில் ஒரு பெரிய பிளவு அதற்கு வாய்த்தது. அதில் குவார்ட்ஸ் வரி வரியாகப் படிந்து நிரம்பியதுதான் கிள்ளான் கேட்ஸ் முகடு, மலையேறுகிறவர்கள் புக்கிட் தாபூர் என்று அறிந்தது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளம். ஒரே கனிமத்தால் ஆன இப்படியொரு நீண்ட சுவர் உலகில் அரிது. கிட்டப் போனால் அது ஒரே வெள்ளையாக இல்லை. ஒரு வெள்ளை நரம்பை இன்னொன்று குறுக்கே வெட்டும், அதை வேறொன்று வெட்டும். பிளவு திறந்து மூடித் திறந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு நரம்பு. சுற்றியிருந்த கருங்கல் மழையில் உளுத்துப் போய்விட, குவார்ட்ஸ் மட்டும் உளுக்காமல் நிற்கிறது. இந்தச் சுவரை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு வெளியேறுவது கிள்ளான் ஆறு. அந்த வாசலில்தான் 1958-இல் அணை கட்டி முடித்தார்கள்.

உளுத்துப்போவது என்று சொன்னேன். அது இன்னும் நிதானமாகப் பார்க்கவேண்டிய காட்சி. காராக் நெடுஞ்சாலைக்காகவோ மலைச்சரிவு வீடுகளுக்காகவோ புதிதாக வெட்டிய சரிவில், தூரத்திலிருந்து பார்த்தால் கருங்கல் பாறை. வெள்ளைக் கட்டங்கள், சாம்பல் குவார்ட்ஸ், எல்லாம் அதனதன் இடத்தில். கிட்டே போய்க் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும். வெள்ளைக் கட்டம் நெற்றியில் பூசலாம் போன்ற மாவாக உதிரும். மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் எடுத்த மென் அமிலத்தால் ஃபெல்ட்ஸ்பாரிலிருந்த பொட்டாசியத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட, மீந்தது கயோலின் என்னும் வெண்களி. உருவம் அப்படியே இருக்கிறது, கல் போய்விட்டது. நம் நாட்டு வெயிலும் மழையும் இந்த வேலையைப் பல பத்து மீட்டர் ஆழம் வரைக்கும் செய்துவைத்திருக்கின்றன. மழைக்காலத்தில் மண் சரிந்தது என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளைக் கட்டங்கள்தான் நினைவுக்கு வரும்.

பிறகு ஆறு. கிள்ளான் ஆறு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் வேலை சுமப்பது மட்டுமல்ல, தரம் பிரிப்பதும். கனத்தது முதலில் இறங்கும். குவார்ட்ஸ் மணலைவிட இரண்டரை மடங்கு கனம் ஈயக்கல்; ஆகவே அது மலைவிட்டு இறங்கிய சிறிது தூரத்திலேயே சரளைக்கடியில் தங்கிவிட்டது. 1857-இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றோடு மேலே அனுப்பியது அதைத் தேடித்தான். கோலாலம்பூர் பிறந்தது இந்தத் தரம்பிரிப்பின் முதல் படியில். ஈய லம்பங்களில் மலைமண்ணைத் தண்ணீர் பீச்சிக் கரைத்தபோது ஆறு தன் வழக்கத்துக்கு மீறிய சேற்றைச் சுமந்தது. இன்று கரையோரத்தில் கிடக்கும் களியில் ஒரு பங்கு மனிதர்கள் அவசரப்படுத்தி அனுப்பியது. மணல் ஷா ஆலம், கிள்ளான் வளைவுகளில் இறங்கிவிடும். கண்ணுக்கே தெரியாத செதில்களான களிமண் மட்டும் கடல்வரை வரும்.

காப்பாரின் கதை தொடங்குவது இங்கே.

நன்னீரில் களிமண் செதில்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை என்பதால் சேராது, இறங்காது. ஆற்றுநீர் நாள்கணக்கில் கலங்கியே இருப்பது அதனால்தான். உப்புநீர் கலந்ததும் அந்தத் தள்ளல் அடங்கிவிடுகிறது. செதில்கள் விளிம்பும் முகமுமாகத் தாறுமாறாக ஒட்டிக்கொண்டு, ஒழுங்கில்லாமல் சாய்த்துக் குவித்த அப்பளங்களைப்போல, நடுவில் ஏராளமான இடைவெளி விட்டு இறங்குகின்றன. அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர். கிள்ளான் கரையோரக் களியில் சில இடங்களில் உலர்ந்த மண்ணின் எடையளவுக்கே நீர் இருக்கும். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்தால் முதலில் வெண்ணெயின் வழவழப்பு. பிறகு மெல்ல இறுக்கினால் விரலிடுக்கில் நீர் கசியும். மலைத்தொடரின் ஃபெல்ட்ஸ்பார் இப்போது இருக்கும் நிலை அது.

காப்பாரில் வீடு கட்டியவர்களுக்கு இந்த இடைவெளியின் அருமை தெரியும். வீட்டைப் பாக்காவ் மரக்கட்டைகள் மேலோ கொங்கிரீட் தூண்கள் மேலோ நிறுத்துகிறார்கள்; அது அசையாது. முற்றத்தை வெறும் மண்மேட்டில் போடுகிறார்கள். மேட்டின் கனத்தில் அடிக்களி நீரைக் கக்கிக் கக்கி இறங்க, சில ஆண்டுகளில் முற்றம் வாசற்படியைவிட்டுப் பிரிந்து கீழே போய்விடும். இடைவெளியில் முதலில் எறும்பு, பிறகு பூனைக்குட்டி, கடைசியில் கைவிட்டு எடுக்கிற அளவுக்கு விளக்குமாறு. ஐந்தாம் எண் சாலையில் ஒவ்வொரு பாலத்திலும் லோரி தூக்கிப் போடுவதும் இதே கணக்கு: பாலம் தூணில் நிற்கிறது, சாலை களியில் இறங்குகிறது. சேறு பாறையாவதன் முதல் வேலை நீரை வெளியேற்றுவது. நமக்குத்தான் அது வீட்டுச் செலவு.

இந்தக் களி இங்கே வந்து சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் நீரில் பெரும்பங்கு பனியாக உறைந்திருந்தபோது கடல் இன்றைக்கிருப்பதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. மலாக்கா நீரிணை நடந்துபோகக்கூடிய தரை. பனி உருகிக் கடல் ஏறியது, ஏறியதோடு நிற்காமல் இன்றைய மட்டத்தையும் தாண்டியது. 5,000 ஆண்டுகளுக்கு முன் அது நான்கைந்து மீட்டர் உயர்ந்து நின்றபோது காப்பார் கடலடி. பின்வாங்கியபோது விட்டுப்போன களிதான் நம் தரை. சங்கப் பாடல்களைவிடச் சில ஆயிரம் ஆண்டுகள்தான் மூத்தது இந்த மண். பாறைக் கணக்கில் பச்சைக் குழந்தை.

குழந்தையானாலும் சும்மா இருக்கவில்லை. அலையாத்திக் காட்டுச் சேற்றைக் கிளறியவர்களுக்கு அழுகிய முட்டை வாடை தெரியும். காற்றுப் புகாத களிக்குள் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்ஃபேட்டைச் சிதைக்கும்போது வரும் வாடை. அங்கேயே, சேற்றிலிருக்கும் இரும்போடு சேர்ந்து புதுக் கனிமம் பிறக்கிறது: பைரைட். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாத உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையும் நூற்றுக்கணக்கான நுண்படிகங்கள் நெருக்கி அடுக்கிய கோளம். நுண்ணோக்கியில் இதன் படத்தைப் பார்த்தவர்கள் சேற்றை வேறு மாதிரி மிதிப்பார்கள். கால்வாய் வெட்டி நீர் வடிந்தால் இந்தப் பைரைட் காற்றுப் பட்டு அமிலமாகிவிடும்; களியில் வைக்கோல் மஞ்சளாகப் புள்ளிகள் விழும், கால்வாய்த் தண்ணீர் துருநிறமாகும், செம்பனை காய்ப்பு குறையும். தோட்டத்துப் பெரியவர்கள் இதைப் புளித்த மண் என்பார்கள். நாக்கு வைத்துப் பார்த்தே சொன்ன சொல்லாக இருக்கவேண்டும்.

இந்த இடத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. ஜேம்ஸ் ஹட்டன் படிப்பால் மருத்துவர், பிழைப்பால் பல ஆண்டுகள் விவசாயி. மழைக்கு மழை தன் வயல் மண் ஓடை வழியே கடலுக்குப் போவதைப் பார்த்தார். இப்படியே போனால் நிலமெல்லாம் என்றோ தீர்ந்திருக்கவேண்டுமே, ஏன் தீரவில்லை? கடலடியில் சேரும் மண் மறுபடி பாறையாகி மேலே வருகிறது என்ற முடிவுக்கு வந்து 1785-இல் எடின்பரோவில் படித்தார், 1788-இல் அச்சிட்டார். பாறைச் சுழற்சி என்ற எண்ணம் ஒரு விவசாயி கால்வாயைப் பார்த்ததில் பிறந்தது. கிள்ளான் கரையோரத்தில் கால்வாய் வெட்டியும் கடலுக்கு வரப்புக் கட்டியும் தோட்டங்களை உண்டாக்கிய நம் பாட்டன்மார் அதே மண்ணை இடுப்பளவு நின்று பார்த்தவர்கள். ஹட்டனுக்கு உட்கார்ந்து யோசிக்க நேரமும் சொல்ல ஒரு சபையும் இருந்தன.

சரி, காப்பார் சேறு கல்லானால் எப்படி இருக்கும்? ஊகிக்க வேண்டாம், போய்ப் பார்க்கலாம். கிள்ளான், ஷா ஆலம் பக்கக் குன்றுகளைச் சாலைக்காக வெட்டிய இடங்களில் சாய்ந்த அடுக்குகள் தெரியும்: ஒரு வெள்ளை, ஒரு செம்மஞ்சள், ஒரு ரோஸ், மறுபடி வெள்ளை. கோலாலம்பூரின் கென்னி ஹில், இன்றைய புக்கிட் துங்கு, பெயரால் இந்தப் பாறைத்தொகுதியை அழைக்கிறார்கள். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு கடலோரத்தில் மணலும் சேறும் மாறி மாறிப் படிந்தவை. அந்தக் கடலுக்கும் ஒரு காப்பார் இருந்திருக்கிறது. மணல் அடுக்கு இறுகிக் குவார்ட்ஸைட் ஆனது. என்னை மயக்குவது மற்றதுதான், சேற்று அடுக்கு. அதிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து வெயிலில் மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் முகம் முழுதும் பட்டின் மினுமினுப்பு ஓடும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடும். ஃபிலைட் என்பது அதன் பெயர். பூமிக்குள் நெருங்கியும் சூடேறியும் களிமண் செதில்கள் நுண்ணிய காக்காப்பொன்னாக மாறி, அத்தனையும் ஒரே திசைக்குத் திரும்பிப் படுத்துவிட்டன. காப்பாரில் தாறுமாறாகச் சாய்ந்து நிற்கும் அதே செதில்கள்தான். ஷா ஆலத்தில் வரிசைக்கு வந்திருக்கின்றன. இந்த ஒழுங்கைத்தான் வெளிச்சம் காட்டிக்கொடுக்கிறது.

அதற்காகக் காப்பார் சேறு கட்டாயம் ஃபிலைட் ஆகும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மேலே இன்னும் பல கிலோமீட்டர் மண் குவிந்து ஆழமாகப் புதைந்தால்தான் நடக்கும். கடல்மட்டம் மறுபடி இறங்கினால் அலையும் ஆறும் இதை அரித்து வேறெங்கோ கொண்டுபோகும். வட்டப்படம் சொல்லாத செய்தி இது. பெரும்பாலான சேறு பாறையாகும் முன்பே கலைந்துவிடுகிறது. பாறையானவற்றில் பல உருமாறாமலே மேலே வந்து உதிர்கின்றன. வட்டத்தில் குறுக்குச்சந்துகளே அதிகம்.

நேர்கோட்டில் காப்பாரிலிருந்து 35 கிலோமீட்டர் தொலைவில் பத்துமலை. தம்புசாமிப் பிள்ளை 1891-இல் முருகனை அமர்த்தியதும், மறு ஆண்டு தைப்பூசம் தொடங்கியதும், 272 படிகளும் எல்லாருக்கும் தெரிந்தவை. மலை என்ன பாறை என்று கேட்டால் சுண்ணாம்புக்கல் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் ஓடுள்ள உயிர்கள் விட்டுப்போன சுண்ணம் அது. ஆனால் அங்கே சிப்பித் தடம் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கருங்கல் குழம்பு பக்கத்தில் வந்து உறைந்தபோது அதன் சூட்டில் சுண்ணாம்புக்கல் அப்படியே வெந்து, மறுபடி படிகமாகி, பெரும்பாலும் பளிங்காகிவிட்டது. உயிர்களின் உருவம் அழிந்து சர்க்கரைக் கட்டியின் நொறுங்கல் மினுமினுப்பு வந்தது. உடைந்த புது முகம் கிடைத்தால் பாருங்கள். ஒவ்வொரு படிகமும் தனித்தனிக் கண்ணாடித் துணுக்காக மின்னும்.

குகைக்குள் நிற்கும்போது உச்சியிலிருந்து ஒரு சொட்டு தலையில் விழும். மொட்டை போட்டவருக்கு இன்னும் துல்லியமாகத் தெரியும். மேலே காட்டு மண்ணில் கரியமிலவாயுவை ஏற்றுக்கொண்ட மழைநீர், வெடிப்பு வழியே இறங்கும்போது பளிங்கைக் கரைத்துக்கொண்டு வருகிறது. விதானத்தில் தொங்கும் அந்தச் சிறு நேரத்தில், குகைக்காற்றில் வாயு மெல்லப் பிரிய, கரைந்ததில் கடுகளவும் இல்லாத ஒரு துணுக்கு மீண்டும் கல்லாகிச் சொட்டைச் சுற்றி ஒரு வளையமாக நின்றுவிடுகிறது. அடுத்த சொட்டு அதன் மேல் இன்னொரு வளையம். ஆகவே தொங்கும் சுண்ணவிழுது தன் இளமையில் உள்ளே துளையுள்ள மெல்லிய குழலாகத்தான் வளரும். துளை அடைத்த பிறகே பருக்கும். நாற்பது கோடி வயதுக் கல்லும் நேற்றுப் பிறந்த கல்லும் ஒரே விதானத்தில் இருக்கின்றன. பக்தர் தலையில் விழுந்தது வளையமாக நிற்காமல் தப்பிய மிச்சம்.

அந்த மிச்சம் எங்கே போகிறது என்று பார்த்தால், பத்து ஆறு, கோம்பாக், கிள்ளான் என்று இறங்கிக் கடலுக்கு. காப்பார் கரைச் சேற்றில் கெராங் சிப்பி வளர்கிறது. பொரித்த குவேய் தியாவ் தட்டில் நாம் பார்க்கிற அதே சிப்பி. பதினைந்து, இருபது வரிகள் எழுந்து நிற்கும் அதன் ஓட்டுக்குச் சுண்ணம் வேண்டும். கடல்நீரில் கரைந்து வந்ததை எடுத்துத்தான் கட்டுகிறது. பத்துமலைச் சுண்ணத்தில் ஏதோ ஒரு துளி அந்த வரிகளில் ஏறியிருக்கும். ஓடுள்ள உயிரிடமிருந்து பிறந்த மலை ஓடுள்ள உயிரிடமே திரும்புகிற இந்த வழியில் நெருப்பும் இல்லை, புதைகுழியும் இல்லை. புத்தக வட்டத்தில் இதற்கு அம்புக்குறியையும் நான் பார்த்ததில்லை.

நெருப்பு இல்லாமல் போய்விடுமா? காப்பார்க் கடற்கரையில்தான் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையம் இருக்கிறது. கப்பலில் வரும் நிலக்கரியும் ஒரு பாறைதான். கலிமந்தான் நிலக்கரி ஒன்றிரண்டு கோடி ஆண்டு, ஆஸ்திரேலிய நிலக்கரி 25 கோடி ஆண்டு என்று வயது வித்தியாசம் இருந்தாலும் இரண்டும் சதுப்புக்காடுகள். இதே கிள்ளான் மாவட்டத்து ஜொகான் செத்தியாவில் கோடைக்குக் கோடை புகைகிற கரிச்சதுப்பு, புதைய வாய்ப்புக் கிடைக்காத நிலக்கரி. ரவாங்குக்குப் பக்கத்துப் பத்து ஆராங்குக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. 1915 முதல் 1960 வரை அங்கே வெட்டியெடுத்த கரியில் மலாயா ரயில்கள் ஓடின.

நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலைத்தான் நான் சொல்ல வந்தேன். பழைய சதுப்பில் செடிகளோடு கலந்து கிடந்த கொஞ்சம் களிமண்ணும் மணலும் கரிக்குள் இருக்கும். உலையில் 1,300 டிகிரிக்கும் மேல் எரியும்போது கரி போய்விட, அந்தக் களி உருகித் துளித்துளியாகப் பறக்கும். பறக்கும்போதே ஆறி உருண்டையாக உறையும். நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தனையும் குற்றமற்ற கண்ணாடிக் கோளங்கள். சில உள்ளீடற்றவை, சிலவற்றுக்குள் சின்ன உருண்டைகள். களி உருகிக் குழம்பாகி உறைந்து தீப்பாறையாகும் நாடகம் முழுவதும் காப்பாரில் சில நொடிகளில் முடிகிறது. ஆனால் நொடிகளில் முடிந்ததால் படிகம் வளர நேரமில்லை, பெரும்பாலும் கண்ணாடிதான். தித்திவங்சாவின் குழம்புக்கும் இதற்கும் சரக்கு ஏறத்தாழ ஒன்றுதான், சிலிக்காவும் அலுமினாவும். லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடைத்ததற்கு விரல் நீளப் படிகம். கிடைக்காததற்கு ஒழுங்கற்ற கண்ணாடி. கஞ்சிங் பாறையையும் இந்தச் சாம்பலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காலம் என்பது கல்லில் என்ன வேலை செய்கிறது என்பது பிடிபடும். இப்படிப்பட்ட சாம்பல் சிமெண்டோடு கலந்து மீண்டும் கல்லாக இறுகப் போவதுண்டு.

அம்மியை விட்டுவிட்டேன். எல்லாரையும்விட மூத்தவர் அவர். தோட்டத்துக்கு வந்த குடும்பங்களோடும், பிறகு கடைகளுக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கருங்கல்லில் பல, 250 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயதுள்ளவை. சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளில் கிடைக்கும் கருநீலச் சாயல் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் அந்த வகை என்பதால் 1893-இல் தாமஸ் ஹாலண்ட் இட்ட பெயர் அது. கண்டத்தின் அடிப்பகுதியில், இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த கல். அவ்வளவு ஆழத்தில் நீர் அற்றுப்போய்விடுவதால் அதில் காக்காப்பொன் மினுக்கம் குறைவு. ஃபெல்ட்ஸ்பார்கூட வெள்ளையாக இல்லாமல் எண்ணெய் தடவிய பச்சைசாய்ந்த சாம்பலாக இருக்கும். நம் மலைத்தொடர்க் கருங்கல் அதன் முன்னே நேற்றுப் பயல். அம்மி வழவழத்தால் கொத்துவார்கள். உளி பட்ட புள்ளிகள் புதிதாக வெளுத்துத் தெரியும். மிளகாயும் தேங்காயும் அரைபட அரைபட அந்தப் புள்ளிகள் மறுபடி தேயும். தேய்ந்தது எங்கே போயிருக்கும்? சட்னியில்தான். இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்ததைக் காப்பார்க் குடும்பங்கள் தோசையோடு சாப்பிட்டிருக்கின்றன. மிக்ஸி வந்து அந்த அரிமானத்தை நிறுத்திவிட்டது. அம்மி இப்போது கல்யாணத்தில் மெட்டி போட மட்டும் வெளியே வருகிறது.

பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு: பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸும் ஒரு புட்டித் தண்ணீரும் போதும். கஞ்சிங்குக்கு வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள். மூன்றாம் அடுக்குக்கு மேல் கூட்டம் குறையும், பாறை ஈரமாகவே இருக்கும். பத்துமலையில் படியேறும் வழியிலேயே பக்கச்சுவரைப் பார்க்கலாம், பெயர்க்க வேண்டாம். ஷா ஆலம் பக்கத்து அடுக்குகளுக்கு மட்டும் அவசரம் உண்டு. புதிதாக வெட்டிய சரிவில் மழை பெய்த மறுநாள் நிறங்கள் நன்றாக எழுந்து நிற்கும். ஆனால் சரிவு நிற்பதற்காகக் குத்தகைக்காரர்கள் சீக்கிரமே மேலே கொங்கிரீட் பீச்சிவிடுவார்கள், இல்லையென்றால் புல் பதித்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கடலோரத்தைப் பார்க்க அடுத்த தாமானுக்குக் குன்றை வெட்டும்வரை காத்திருக்கவேண்டும்.